இரண்டு பேருக்கான குப்பை

முனேதா கியோஹாருவை எங்கள் மலையூரான சுகிதானியில் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்தொரு வருஷம் ஊர்ப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து மேலே ஏறும் ஒரே சாலை, ஒரே பேருந்து, ஒரே ஓட்டுநர். பனி கொட்டிய நாளில்கூட நேரம் தவறியதில்லை. ஆனால் அவரோடு உட்கார்ந்து பேசியதாகச் சொல்லிக்கொள்ள ஊரில் பத்துப் பேர் தேற மாட்டார்கள். ஏறினால் ஒரு தலையசைப்பு, இறங்கினால் ஒரு தலையசைப்பு. கண் எப்போதும் சாலையில்.

நான் மிட்சுயோ. ஊர்க் குப்பை நிலையத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊருக்குக் குப்பை வண்டி வராது. காய்கறித் தோலும் மீந்த சோறும் அவரவர் தோட்டத்துக் குழிக்குப் போய்விடும். மற்றதையெல்லாம் கழுவி, காயவைத்து, வண்டியில் போட்டு எடுத்துவந்து, அவரவர் கையாலேயே பிரித்துப் போட வேண்டும். முப்பத்தெட்டுப் பெட்டிகள். பால் அட்டைக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று, பழுப்பு பாட்டிலுக்கு ஒன்று, இரும்பு டப்பாவுக்கு ஒன்று, சாப்பிட்டு முடித்த மரக் குச்சிகளுக்குக்கூட ஒன்று. பிரிப்பது எல்லார் கண் முன்னாலும்தான் நடக்கும். ஒளிக்க இடமில்லை.

"நம்ம ஊர்ல டைரி எழுதறவன் முட்டாள்" என்பாள் இவாசே தோக்கியே. "மூட்டையைப் பிரிச்சா எல்லாம் தெரிஞ்சுட்டுப் போகுது." தோக்கியே முனேதா வீட்டுக்கு மேல் வளைவில் இருப்பவள். குரல் பெரிது, மனசும் பெரிதுதான். ஆனால் குரல்தான் முதலில் வந்து சேரும்.

முனேதாவின் மனைவி ஹிசானோ செவ்வாய்க்கிழமைதோறும் வருவாள். பத்து நிமிஷ வேலையை ஒரு மணி நேரம் செய்வாள். பாட்டில் மூடிகளை நிறவாரியாகப் பிரிப்பாள். அதெல்லாம் தேவையே இல்லை. நான் சொன்னால், "தெரியும் மிட்சுயோ-சான். வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறேன்?" என்று சிரிப்பாள்.

அந்த வருஷம் நவம்பரில் இரண்டு செவ்வாய் அவள் வரவில்லை. மூன்றாவது செவ்வாய் முனேதா வந்தார். அவர் நிலையத்துக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரே மூட்டை. எல்லாம் அதற்குள்ளேயே. நாட்டோ என்ற புளித்த சோயாவைத் தின்ற டப்பாக்கள் கழுவாமல், ஒன்றோடொன்று நூல் நூலாய் ஒட்டிக்கொண்டு, மீன் தட்டு, செய்தித்தாள், தேயிலைச் சக்கை, பேட்டரி. வாடை எனக்கு முன்னால் எழுந்து வந்து வணக்கம் சொன்னது.

"இப்படிப் போட முடியாதுங்க, முனேதா-சான். மூடி தனி. மேல ஒட்டின தாள் தனி. பாட்டில் தனி" என்றேன்.

"எல்லாம் ஒரே பாட்டில்தானே?"

"உங்களுக்கு ஒண்ணு. எங்களுக்கு மூணு."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். அதற்குள் தோக்கியே பார்த்துவிட்டாள்.

"அடேயப்பா! ஓட்டுநர் ஐயா வண்டியை விட்டே இறங்கிட்டாரே! ஹிசானோ எங்கே?"

முனேதா டப்பாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "முட்டி வலி."

"அய்யோ. எந்த முட்டி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வலது."

பொய் அங்கே ஆரம்பித்தது. நடந்தது வேறு. இதை அவர் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார். பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஹிசானோ சக்காய் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். பத்தாவது நாள் போன் வந்தது.

"நான் இனிமே இங்கேயே இருந்துக்கறேங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கறீங்க பாருங்க, அதுக்குத்தான்."

அவள் குரலில் கோபம் இல்லையாம். அதுதான் அவரை ஆட்டிவிட்டது. நாற்பத்து நாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள் மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஊருக்கு எப்படிச் சொல்வது? சண்டை என்றால் சொல்லலாம், நோய் என்றால் சொல்லலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

அடுத்த செவ்வாயிலிருந்து அவர் ஒழுங்காக வர ஆரம்பித்தார். நான் கொடுத்த அட்டவணைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். டப்பாக்கள் பளபளவென்றிருக்கும். பால் அட்டையைக் கத்தரிக்கோலால் நேர்கோடாக வெட்டி விரித்திருப்பார். செய்தித்தாள் கட்டின் நான்கு மூலையும் கத்தி மாதிரி இருக்கும். அத்தோடு இரண்டு பேருக்கான குப்பையும் வந்தது. நாட்டோ டப்பா இரட்டை இரட்டையாக. பயற்றுப் பூரணம் வைத்த பன்னின் உறைகள் — ஹிசானோவுக்குப் பிடித்த கடையினுடையவை. கைக்குப் பூசும் கிரீம் குழாய், நடுவில் வெட்டி உள்ளே கழுவியது. பெண்கள் வாசிக்கும் மாத இதழ், தாள் கயிற்றால் கட்டியது.

"முட்டி எப்படி இருக்கு?" என்று தோக்கியே கேட்பாள்.

"குளிருக்கு மோசம்" என்பார்.

"பன் மட்டும் நல்லா இறங்குது போல!"

"அது இறங்குது."

நானும் நம்பினேன். டிசம்பர் கடைசியில் ஒரு காலை அவர் தாள் பெட்டியில் ஒரு தலைமுடிச் சாயத்தின் அட்டையைப் போட்டார். உள்ளிருந்த இரண்டு சின்ன பாட்டில்களையும் கழுவித் தனியே போட்டிருந்தார். அவர் போன பிறகு அந்த அட்டையை எடுத்துப் பிரித்தேன், மெழுகு பூசிய அட்டை கலந்துவிடக் கூடாதே என்று. உள்ளே கையுறை மடிப்புக் கலையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கையுறை போடாமல் தலைக்குச் சாயம் பூச மாட்டாள். அதைவிட முக்கியமான ஒன்று எனக்குத் தெரியும். ஹிசானோ சாயம் பூசுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

கடைசி அட்டையை அவள் இதே பெட்டியில் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"மிட்சுயோ-சான், இதோட முடிஞ்சுது. இனிமே டை கிடையாது. வெள்ளையாவே இருக்கப் போறேன். வீட்ல ஒருத்தர் கண்டுபிடிக்கறாரான்னு பாப்போம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோடையில் நான் கேட்டேன், "கண்டுபிடிச்சாரா?" "இன்னும் இல்ல" என்றாள். புத்தாண்டு கழிந்து கேட்டேன். "இன்னும் இல்ல." அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்குள் தலை கிட்டத்தட்ட முழுக்க வெளுத்துவிட்டது.

அந்த மடிப்புக் கலையாத கையுறையைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றேன். அவள் வீட்டில் இல்லை என்பதும் புரிந்தது, ஏன் இல்லை என்பதும் புரிந்தது. இரண்டாவது அந்த மனிதருக்குச் சொல்லப்பட வேண்டியது. ஆனால் எப்படிச் சொல்வது? கையுறையை எரிக்க அனுப்பும் பெட்டியில் போட்டேன். அட்டையைத் தட்டையாக்கித் தாளோடு வைத்தேன். பிப்ரவரியில் இன்னொரு அட்டை வந்தது, மார்ச்சில் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்தேன். என் வீட்டிலும் ஒருத்திக்கான குப்பைதான். அதனால்தானோ என்னவோ, அவர் மூட்டை பெரிதாக வரும்போது எனக்கு வாயைத் திறக்க வரவில்லை.

ஏப்ரலில் மூங்கில் குருத்து கிளம்பியது. தோக்கியே ஒரு பாத்திரம் நிறையக் குருத்தை வேகவைத்து எடுத்துக்கொண்டு ஹிசானோவைப் பார்க்கப் போனாள். முனேதா கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார்.

"தூங்கறா."

"பகல் பதினோரு மணிக்கா? ஹிசானோ! ஏய் ஹிசானோ! நான்தான்டி, தோக்கியே!"

"முட்டி தேவலையா?" என்று அவரைக் கேட்டிருக்கிறாள். "இடது முட்டி இன்னும் வலிக்குது" என்றிருக்கிறார். தோக்கியேவுக்கு நெஞ்சில் ஏதோ இடித்தது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கொடியில் ஒரே ஒரு மெத்தை உலர்ந்துகொண்டிருந்தது. துணிகளில் பெண் துணி ஒன்றுமில்லை. குருத்துப் பாத்திரத்தோடு நேரே நிலையத்துக்கு வந்து மூச்சு வாங்கினாள்.

"நவம்பர்ல வலதுன்னாரு. இப்ப இடதுங்கறாரு. அஞ்சு மாசமா அவளை யாராவது பாத்தீங்களா? சொல்லுங்க, யாராவது பாத்தீங்களா?"

அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் முகத்திலும் ஒரே எண்ணம் ஓடியதை நான் பார்த்தேன். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம், அவள் இல்லை, போய்விட்டாள், அவர் ஒன்றும் செய்யவில்லை என்று. சொல்ல நாக்கைத் தயார்செய்துகொள்வதற்குள் தோக்கியே காவல் சாவடிக்குப் போய்விட்டாள்.

காவலர் மரியாதையான பையன். செருப்பைக் கழற்றி, வாசலில் குனிந்து வணங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனாராம். முனேதா எதையும் மறைக்கவில்லை. மகளின் எண்ணைக் கொடுத்தார். காவலர் அவர் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். ஹிசானோவே எடுத்தாள்.

"நல்லா இருக்கேன். முட்டியா? எனக்கு முட்டியெல்லாம் ஒண்ணும் இல்லையே. யார் சொன்னது?"

கூடத்துக்கு வெளியே நின்றிருந்த தோக்கியேவுக்கு அது கேட்டுவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். முனேதா அவளிடம் சொன்ன ஒரே வார்த்தை, "குருத்துக்கு நன்றி."

அதன் பிறகு அவர் வரவில்லை. ஒரு செவ்வாய், இரண்டு செவ்வாய், ஐந்து செவ்வாய். கீழ்க்கடையில் அரிசி வாங்கிப் போனதாகச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறார் என்ற மட்டில் நிம்மதி. நடக்க முடியாத வயதானவர்கள் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை நிலையத்தின் சின்ன லாரி போகும். ஜூனில் நான் அவர் பெயரை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு லாரியை எடுத்துப் போனேன். நன்றாக நடக்கக்கூடிய ஆளின் பெயரை.

கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் வழிவிட்டார். சமையலறையைப் பார்த்து அசந்துபோனேன். சுவர் ஓரமாக அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் எண், பெயர், பேருந்து நேர அட்டவணை எழுதுகிற மாதிரி கட்டம் போட்ட எழுத்து. ஐந்து வாரத்துக் குப்பை கழுவிக் காய்ந்து அடுக்கி இருந்தது. கொண்டுவர மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

தேநீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் இருவரும் குடித்தோம்.

"பன்னை நான்தான் தின்னேன்" என்றார் திடீரென்று. "இனிப்பு எனக்கு ஆகாது. ஆனா தூக்கிப் போட மனசு வரல. கிரீமை என் கையில பூசிக்கிட்டேன். பொஸ்தகத்தையும் படிச்சேன். அந்தச் சாயத்தை மட்டும்தான் கொட்டினேன்."

"ஏன் முனேதா-சான்?"

"மொதல்ல ஊர் வாய்க்குப் பயந்துதான். அப்புறம்..." கிண்ணத்தை மேசைமேல் திருப்பித் திருப்பி வைத்தார். "ஒருத்தனுக்குக் கழுவ அஞ்சு நிமிஷம் ஆகுது. ரெண்டு பேருக்குன்னா காலைப்பொழுது ஓடிடுது."

அந்த நேரத்தில்தான் சொன்னேன். சொல்லாமல் ஐந்து மாதம் வைத்திருந்ததை அவர் சமையலறையில் இறக்கிவைத்தேன்.

"ஹிசானோ-சான் டை அடிக்கறதை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "குளியலறை அலமாரியில பின்னால ஒரு டப்பா இருந்துச்சே. அதைப் பாத்துத்தான் கீழ டவுன்ல போய் அதே மாதிரி வாங்கினேன்."

"அது அவங்க மறந்து விட்ட பழசா இருக்கும்."

"நாலு வருஷமாவா?"

"ஆமா. இப்ப வெள்ளைத் தலைதான்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். நினைவுபடுத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பேருந்தின் கண்ணாடியில் பார்த்தே யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார் என்று சொல்லக்கூடியவர் அவர்.

"எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கும். நெத்திக்கு மேல ஒரு பட்டை மட்டும் கருப்பு நிக்கும். காதுக்குப் பின்னால ஒதுக்கிக் கட்டுவாங்க. நல்ல அழகு."

தலையை ஆட்டினார், பேருந்தில் ஆட்டுவது மாதிரி. நான் பெட்டிகளை லாரியில் ஏற்றினேன். அவரும் கூட வந்து ஏற்றினார்.

ஜூன் கடைசியில் அவர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து போனதை ஊரே பார்த்தது. சக்காய் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடையில் ஹிசானோ வந்து உட்கார்ந்தாளாம். அடுத்த செவ்வாய் நிலையத்துக்கு வந்து, ஒருத்தனுக்கான சின்ன மூட்டையைப் பிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

"தலையைப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு. வெள்ளையா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மிட்சுயோ சொன்னாளான்னு கேட்டா."

என் கையிலிருந்த டப்பாவை நான் கீழே வைத்தேன்.

"ஆமான்னேன். இன்னொரு பொய் சொல்ல வரல. அவ சிரிச்சா. சிரிச்சுட்டு, 'நீங்களாப் பாத்துச் சொல்லியிருந்தா நான் இப்பவே பையை எடுத்துக்கிட்டு உங்க கூட வந்திருப்பேனோ என்னவோ'ன்னா."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் குழாயடிக்குப் போய்க் கழுவின பாட்டிலையே மறுபடி கழுவினேன். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார். சொன்னதால் அவர் பார்த்தது அவராகவே பார்த்ததாக ஆகவில்லை. இதை எத்தனையோ இரவு புரட்டிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் வைத்தாலும் உட்காரவில்லை.

"என்மேல கோவமா, முனேதா-சான்?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"இல்ல. நீங்க சொல்லலேன்னா நான் இன்னும் டவுனுக்குப் போய்ச் சாயம் வாங்கிட்டு இருப்பேன்" என்றார்.

அவள் திரும்பி வரவில்லை. சில ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாளாம். வானிலை கேட்பாள், தோட்டத்துச் சுதாச்சி எலுமிச்சை காய்த்ததா என்று கேட்பாள். காய்த்தது என்று இவர் சொல்வார். ஒரு தடவை பெட்டி நிறையக் காய் அனுப்பினார். தோக்கியே இப்போதெல்லாம் அவரைக் கண்டால் குரலைத் தணித்துக்கொள்கிறாள். அது அவருக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. "பழையபடி கத்தச் சொல்லுங்க" என்றார் என்னிடம். நான் சொன்னேன். தோக்கியேவால் முடியவில்லை. வாரம் ஒரு தடவை வந்தவர் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆனார். ஒரு ஆளின் குப்பை சேர அத்தனை நாள் ஆகிறது.

அக்டோபரில் ஹிசானோ வந்தாள். மகளின் காரில், தன் சாமான்களை ஒழிக்க. மகள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து நிலையத்துக்கு மூன்று நடை. முனேதா தன் சின்ன வண்டியிலிருந்து இறக்கினார், ஹிசானோ பிரித்தாள். பழைய ஸ்வெட்டர்கள், காலணி, குடை, தையல் சாமான், உடைந்த சீப்பு. நல்லதாக இருந்ததை, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளும் அலமாரியில் வைத்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவ்வளவு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் நிலையத்தில் ஒன்றாக நின்றது அன்றைக்குத்தான். ஹிசானோ முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் போடப் போனாள்.

"அது அங்க இல்ல" என்றார் முனேதா. "பதினேழு."

"எப்பவும் இதுலதானே போடுவேன்?"

"ஏப்ரல்ல மாத்திட்டாங்க. பின்னால பூச்சு இருக்கறது தனி. சட்டம் கழட்டணும்."

"அப்படியா?" அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "கழட்டத் தெரியுமா உங்களுக்கு?"

அவர் சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தார். நாலு திருகாணியையும் கழற்றி, மரச்சட்டத்தை ஒரு பெட்டியிலும் ஆணியை ஒரு பெட்டியிலும் போட்டு, கண்ணாடியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பதினேழில் வைத்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குடையை நீட்டினாள். "இது?" துணி ஒன்று, கம்பி ஒன்று என்று சொல்லி அதையும் பிரித்தார். அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஒன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது. ஹிசானோ கையைக் கழுவிக்கொண்டு காரில் ஏறினாள். "குளிருக்கு முன்னால சட்டைக்கெல்லாம் பொத்தான் பாத்து வெச்சுக்குங்க" என்றாள். "சரி" என்றார். கார் கீழ் வளைவில் திரும்பும்வரை அவர் நின்றார்.

பிறகு உள்ளே வந்து, தரையில் கிடந்த தாள் கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் பொறுக்கிக்கொள்கிறேன் என்றேன். கேட்கவில்லை. பொறுக்கினதைச் சேர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பெட்டி என்று கேட்டார். தாளோடு போடலாம் என்றேன். போட்டார். அதற்கு மேல் அங்கே அவருக்கு வேலை இல்லை. நிலையத்தை மூடுவதற்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பெஞ்சில் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். இரண்டு மணி ஆனதும் நான் கதவை இழுத்தேன். அவர் எழுந்து, தலையை ஆட்டிவிட்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு மேலே போனார்.